எண் இல்லாத அழைப்பு

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் ரொனால்டு செய்கிற முதல் காரியம், முந்தின நாள் புவனேஸ்வரி எத்தனை பெயர் வைத்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்ப்பது. மின்விசிறியைப் போடுவதும் சாப்பாட்டுப் பையை மேசைக்கடியில் தள்ளுவதும் அதற்குப் பிறகுதான். அன்று செவ்வாய்க்கிழமை. புதிதாக வந்த கருவியில் வேலை தொடங்கி ஒரே நாள் ஆகியிருந்தது. அவள் பெயரில் பத்தொன்பது. அவன் பெயரில் பதினொன்று.

என்ன வேலை செய்கிறான் என்பதை மனைவி ஐரினுக்குக்கூட அவனால் சரியாக விளக்க முடிந்ததில்லை. ஒரு கருவிக்குள் ஓடுகிற நிரல் விற்பனைக்கு வரும்போது, எழுதியவர்கள் அதில் வைத்திருந்த பெயர்களெல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். மிஞ்சுவது இயந்திரத்துக்கு மட்டும் புரிகிற கட்டளைகள். ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் வெறும் ஓர் எண். அவற்றைப் படித்து, இந்தத் துண்டு கடிகாரத்தைப் பார்க்கிறது, இது குறுஞ்செய்தியைப் பிரிக்கிறது என்று புரியப் புரிய, எண்ணை அழித்துவிட்டுப் பெயர் எழுத வேண்டும். ஓட்டை எங்கே என்று தேடுவது அதன் பிறகு. எல்லாருக்கும் பொதுவாக ஒரே கோப்பு. யார் முதலில் புரிந்துகொண்டாரோ அவர் வைத்ததுதான் பெயர். ஒருவர் பெயர் வைத்த துண்டை இன்னொருவர் மறுபடி திறப்பதில்லை. இது எங்கும் எழுதி வைத்த விதியில்லை, நாள் போதாத வேலையில் தானாக உண்டாகிவிட்ட வழக்கம். யார், என்றைக்கு, எத்தனை மணிக்குப் பெயர் வைத்தார் என்பது கோப்பின் ஓரத்தில் பதிவாகும். அந்தப் பதிவை ரொனால்டைத் தவிர யாரும் படிப்பதில்லை.

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் கமர்ஜஹான் இந்த நிறுவனத்தைத் தொடங்கியபோது முதலில் வந்து சேர்ந்தவன் அவன். பதினோரு வருடம். புவனேஸ்வரி வந்து எட்டு மாதம். ரெட்டியார்சத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். குறிப்பு எதுவும் எடுக்க மாட்டாள். ரொனால்டிடம் நீள நோட்டுகள் ஒன்பது இருந்தன. எந்தக் கட்டளை எந்தக் கட்டளைக்குத் தாவுகிறது என்று அம்புக்குறி போட்டுப் போட்டு அவன் விரல் காய்த்திருந்தது. அவளோ திரையைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், காதோரத்தைச் சொறிவாள், பெயர் வைத்துவிடுவாள். அதையும் தமிழில் வைப்பாள். வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரை நிறுத்துகிற துண்டுக்கு அவள் வைத்த பெயர் 'மயக்கம்'. தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கிற துண்டுக்கு 'நாக்கு'. கமர்ஜஹான் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ரொனால்டுக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், தான் ஒழுங்காக ஆங்கிலத்தில் வைத்த பெயர்கள் தனக்கே மறந்துபோக, அவள் வைத்தவை மட்டும் நினைவில் நின்றது.

இந்த முறை வந்திருந்தது ஒரு மோட்டார் ஸ்டார்ட்டர். தோட்டத்து மோட்டாரோடு மாட்டுகிற பெட்டி, உள்ளே ஒரு சிம். விவசாயி வீட்டில் இருந்தபடி அந்த எண்ணுக்குப் போன் போட்டால் மோட்டார் ஓடும். கோவைப் பக்கத்து நிறுவனம் ஒன்று புது மாடலை வெளியிடுவதற்கு முன் சோதிக்கக் கொடுத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை கூட்டத்தில் அறிக்கை தர வேண்டும். பெரிய குறை ஏதாவது கிடைத்தால், சரிசெய்த பிறகு அதை எல்லாரும் படிக்கும்படி வெளியிடுவோம், கண்டுபிடித்தவர் பெயரை முதல் வரியில் போடுவோம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ரொனால்டு இதுவரை கண்டுபிடித்தவை நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டும் ரகசிய ஒப்பந்தத்துக்குள் போய்விட்டன. அவன் பெயர் எங்கும் வந்ததில்லை. இந்த முதல் வரி அவனுக்கு வேண்டியிருந்தது. அது புவனேஸ்வரிக்குப் போய்விடக் கூடாது என்பது அதைவிட அதிகமாக வேண்டியிருந்தது.

செவ்வாய் மதியம் சாப்பாட்டு நேரம். கருவிகளைப் பிரித்துக் கம்பி இழுத்துத் தருகிற பிராங்கிளின், புவனேஸ்வரியின் டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

"கத்திரிக்கா. எங்க தோட்டத்துது. எடுத்துக்கங்கண்ணே." பிறகு ரொனால்டு பக்கம் திரும்பினாள். "சார், காலைல 'வெரிஃபை ஓனர்'னு ஒன்னுக்குப் பேர் வச்சீங்கள்ல, அத நானும் ஒருக்கா தொறந்து பாக்கட்டுமா? போன் பண்றது ஓனரா இல்லையான்னு அங்கதான முடிவாகுது?"

ரொனால்டு கையிலிருந்த உருண்டையைத் திரும்பத் தட்டில் வைத்தான். "ஏன், நான் பாத்தது பத்தலையா?"

"ஐயோ, அதுக்கில்ல சார்."

"பதினோரு வருசமாப் பேர் வைக்கிறேன் தாயி. நான் வச்ச பேர ஒருத்தர் மாத்துற மாதிரி இதுவரைக்கும் ஆனதில்ல. நீ பாக்க வேண்டிய எடம் அம்புட்டுக் கெடக்கு, அதப் பாரு."

"சார் பேர் வச்சா ஞானஸ்நானம் குடுத்த மாதிரி புவனா," என்றான் பிராங்கிளின், வாயில் கத்திரிக்காயோடு. "ரெண்டாந்தரம் தலையில தண்ணி ஊத்த முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். புவனேஸ்வரியும் சிரித்தாள். அதன் பிறகு அவள் அந்தத் துண்டின் பக்கம் போகவில்லை.

வியாழக்கிழமை காலை எண்ணியபோது அறுபத்தொன்றுக்கு முப்பத்து நான்கு. அவனால் புதிதாக எதையும் தொடங்க முடியவில்லை. தோற்றுக்கொண்டிருப்பவன் பழைய சான்றிதழ்களை எடுத்துப் பார்ப்பதுபோல, தான் வைத்த பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தான். நன்றாகத்தான் செய்திருந்தான். அப்படியே போய் 'வெரிஃபை ஓனர்' வந்தது. வரிவரியாக இறங்கினான். நடுவில் ஓரிடத்தில் கண் நின்றது.

பெட்டிக்குள் சேமித்து வைத்த விவசாயியின் எண்ணையும், அழைக்கிறவரின் எண்ணையும் கடைசி இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது அந்தத் துண்டு. எத்தனை இலக்கம் ஒப்பிட வேண்டும் என்பதை எங்கிருந்து எடுக்கிறது? வருகிற அழைப்பின் எண் எவ்வளவு நீளமோ அவ்வளவு. செவ்வாய்க்கிழமை அவன் இதைப் பார்த்தான். பத்தொன்பதுக்குப் பதினொன்று என்ற கணக்கு மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால், பார்த்தும் தாண்டிப் போயிருந்தான். அழைக்கிறவர் எண் பத்து இலக்கமென்றால் பத்தும் ஒப்பிடப்படும், சரி. எண்ணையே காட்டாமல் ஓர் அழைப்பு வந்தால்? நீளம் பூஜ்யம். ஒப்பிட எதுவும் இல்லை. ஒப்பிடாததால் வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் இல்லையென்றால், உள்ளே வா.

மதியம் மற்றவர்கள் கீழே டீ குடிக்கப் போனபோது அவன் மட்டும் இருந்தான். பிராங்கிளினின் மேசையில் ஸ்டார்ட்டர் திறந்து கிடந்தது. மோட்டாருக்குப் பதிலாக ஒரு குண்டு பல்பு மாட்டியிருந்தார்கள். ஓர் அழைப்பு வருகிறது, எண் இல்லை என்று சொல்லும் செய்தியைக் கம்பி வழியாக அனுப்பினான். பல்பு எரிந்தது.

இப்படி ஒன்று அவனுக்குக் கிடைத்ததே இல்லை. விளம்பரத்துக்காக எண்ணைக் காட்டாமல் கூப்பிடுகிற எந்த இயந்திரமும் எவனுடைய மோட்டாரையும் ஓட்டிவிடலாம். கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருக்கும்போதும் ஓட்டிவிடலாம். கமர்ஜஹானைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தான். அப்போது திரையின் ஓரம் கண்ணில் பட்டது: வெரிஃபை ஓனர், ரொனால்டு, செவ்வாய், காலை பத்து நாற்பது.

ஞானஸ்நானம் என்று பிராங்கிளின் சொன்னதும், அந்தச் சிரிப்பும் அப்படியே காதில் கேட்டன. இன்றைக்குச் சொன்னால், குறையைக் கண்டுபிடித்தவன் என்பதற்கு முன்னால் குறைக்குமேல் சரியென்று பெயர் எழுதி மூடியவன் என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். அவள் கேட்டாள், பார்க்க விடவில்லை. அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு திரையைப் பார்ப்பாள். அந்தக் குனிந்த தலையை அவனால் தாங்க முடியாது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பல்பை அணைத்தான். கோப்பில் தான் வைத்த பெயரை அழித்து, பழைய எண்ணையே திரும்பப் போட்டான். யாரும் தொடாத துண்டு மாதிரி அது ஆயிரம் எண்களுக்கு நடுவே போய் நின்றது. திங்கட்கிழமை காலை, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, புதிதாகப் பெயர் வைத்து, புதிதாகக் கண்டுபிடித்தால் போதும். அந்த ஓரப் பதிவைத் தோண்டுகிற ஆள் அலுவலகத்தில் அவன் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை மாலை கோவை நிறுவனத்திலிருந்து ஒரு படம் வந்தது. சித்தையன்கோட்டைப் பக்கம் எண்பது விவசாயிகளுக்குப் புது ஸ்டார்ட்டரைச் சோதனைக்காக இலவசமாகக் கொடுத்து அன்றே மாட்டிவிட்டிருந்தார்கள். வேட்டி கட்டிய ஆட்களும், முந்தானையை இழுத்துப் போர்த்திய பெண்களும் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ரொனால்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். மூடினான். திரும்பவும் திறந்தான். எண் காட்டாத அழைப்பு என்பது அபூர்வம். அது சரியாக இந்த எண்பதில் ஒன்றுக்கு வந்து, அதே நேரம் ஒருவன் கிணற்றுக்குள் இருந்து... மூன்று நாள்தானே. திங்கட்கிழமை சொல்லிவிடலாம்.

வீட்டில் சாப்பிடும்போது, புவனேஸ்வரி எதையாவது நெருங்கிவிட்டாளா என்ற யோசனையிலேயே அவளைப் பற்றிப் பேச்செடுத்தான்.

"இன்னைக்கு மட்டும் அந்தப் புள்ள பேரு அஞ்சாவது தடவ," என்றாள் ஐரின்.

"வேலை விசயம்."

"எனக்குத்தான் முறைப்படி பொறாமை வரணும். வர மாட்டேங்குது. ஆசையாப் பேசுனாத்தான வரும்? நீங்க என்னமோ வரப்பு வெட்டுன பங்காளியப் பேசுற மாதிரியில்ல பேசுறீங்க?"

குழம்பு ஆறிப்போய் ஏடு கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டாம் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஐரின் முறைத்தாள். முன் பெஞ்சுக்குக் கீழே மறைத்துப் பார்த்தான். அலுவலகக் குழுவில் புவனேஸ்வரி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே பிராங்கிளின் போட்ட வீடியோ. பிராங்கிளினுக்கு வீடு அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. வீடியோவில் அந்தக் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கமர்ஜஹான் எல்லாரையும் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள்.

பீடத்தருகே போய் நன்மை அப்பம் வாங்காமலே வெளியே வந்தான்.

டயர் கடை பூட்டியிருந்தது. மாடிப்படியின் திருப்பத்தில் புவனேஸ்வரி நின்றாள். அவனுக்காகத்தான் நிற்கிறாள் என்று தெரிந்தது.

"எப்படிக் கெடச்சுச்சு?" என்று கேட்டான். குரல் சாதாரணமாக வந்தது அவனுக்கே ஆச்சரியம்.

"வீட்ல சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன் சார். பேர் இல்லாம ஒன்னு கெடந்துச்சு. பேர் இல்லாட்டி எனக்குக் கை சும்மா இருக்காது, தொறந்துருவேன். பத்து நிமிசம்தான். படிச்சப்பறம்தான், இது நீங்க பாத்ததாச்சேன்னு..." நிறுத்தினாள். "ஓரத்துல பாத்தேன் சார். செவ்வாக்கிழமை வச்சிருக்கீங்க. வியாழக்கிழமை எடுத்திருக்கீங்க."

அந்தப் பெயர் அங்கேயே இருந்திருந்தால் அவள் திறந்திருக்கவே மாட்டாள். இரண்டு நாளாக அவளை வெளியே நிறுத்தி வைத்திருந்தது அவனுடைய தப்பான பெயர்தான். அதை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டவனும் அவனேதான்.

"நான் யார்கிட்டயும் சொல்லல சார்," என்றாள் தணிந்த குரலில். "சொல்லவும் மாட்டேன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திறமைதான் அவளுக்கு இருக்கிறது என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தான். இந்தப் பெரிய மனதும் அவளிடமே இருந்துவிட்டால் தனக்கென்று என்ன மிச்சம் என்று தோன்றியது. அவளைத் தாண்டி மேலே ஏறினான்.

திரையில் கோவை நிறுவனத்துப் பொறியாளர் உடையப்பன் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தாடி. புவனேஸ்வரி விளக்கினாள். நாலே வாக்கியம். ரொனால்டு என்றால் நாற்பது வாக்கியம் எடுத்துக்கொண்டிருப்பான். பிராங்கிளின் பல்பை எரியவிட்டுக் காட்டினான். உடையப்பன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இன்னைக்குக் காலைல ஏழரைக்கு சார்," என்றாள் புவனேஸ்வரி. அது பொய்யில்லை. அவள் ரொனால்டைப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை எண்பது எடத்துல மாட்டிட்டமே. ஒரு நாள் முந்தித் தெரிஞ்சிருந்தா ஒன்னுகூட மாட்டிருக்க மாட்டோம். சரி, நம்ம நேரம். யாரக் குத்தம் சொல்ல."

கமர்ஜஹான் அறிக்கையைத் திறந்து தட்டச்சு செய்யத் தொடங்கினாள். பெரிய திரையிலும் அது தெரிந்தது. முதல் வரி. கண்டறிந்தவர். அதற்கு நேரே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. பு. வ. னே.

"வியாழக்கிழமை," என்றான் ரொனால்டு.

கமர்ஜஹானின் விரல் நின்றது. "என்ன சார்?"

"வியாழக்கிழமை மத்தியானம் ஒன்னு இருபதுக்கு. நான்தான் மொதல்ல பாத்தேன். இதே பல்பு எரிஞ்சுது."

சொன்ன பிறகு அவனுக்கே தெரியவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டானா, இல்லை உரிமை கொண்டாடினானா என்று. இரண்டும் ஒரே வாக்கியத்தில்தான் இருந்தன. பிரித்துச் சொல்ல வேறு வாக்கியம் அவனிடம் இல்லை.

மின்விசிறியின் ஓர் இறக்கை மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. பிராங்கிளின் பல்பை அணைக்க மறந்து நின்றான். புவனேஸ்வரி தலையைக் குனிந்து மேசையைப் பார்த்தாள். அவன் பயந்த அதே குனிந்த தலை.

"செவ்வாக்கிழமை நானே அதுக்கு 'வெரிஃபை ஓனர்'னு பேர் வச்சேன் மேடம். இந்தப் புள்ள தொறந்து பாக்கட்டுமான்னு கேட்டுச்சு. விடல. வியாழக்கிழமை தப்புன்னு தெரிஞ்சதும் பேர எடுத்துட்டேன்."

"வெள்ளிக்கிழமை போட்டோ வந்துச்சே," என்றாள் கமர்ஜஹான்.

"வந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பெருசு பண்ணிப் பாத்தேன்."

கமர்ஜஹான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பதினோரு வருடத்தில் அவள் அவனிடம் குரல் உயர்த்தியதில்லை, இப்போதும் உயர்த்தவில்லை.

"அத நாம சாயங்காலம் பேசுவோம் சார். நீங்களும் நானும்," என்றாள். "இப்ப மொதல்ல போன எடுங்க. உடையப்பன் சார், எண்பது பேரு லிஸ்ட அனுப்புங்க. ஆளுக்கு இருபது. மோட்டாருக்குக் கரண்டு போற பீஸ் கட்டையப் புடுங்கிட்டு, மறுபடி ஆள் வர வரைக்கும் தொட வேணாம்னு சொல்லணும். எடுத்தவுங்க புடுங்குனாங்களான்னு கேட்டுட்டுத்தான் வைக்கணும்."

முதல் வரி அப்படியே பாதியில் நின்றது.

ரொனால்டு தன் பங்கு இருபது எண்களோடு ஜன்னல் ஓரத்து மேசைக்குப் போனான். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள், "கரண்டே இல்ல, இதுல பீஸ் வேறயா," என்று சிரித்துவிட்டுப் பிடுங்கினார். மூன்றாவது ஒரு பெண், பழனியம்மாள் என்று பட்டியலில் இருந்தது, பூ பறிக்கப் போன இடத்திலிருந்து பேசினாள். வீட்டுக்குப் போய்ப் பிடுங்கிவிட்டுத் தானே கூப்பிடுவதாகச் சொன்னாள். பக்கத்து மேசையில் புவனேஸ்வரி ஏழாவது எண்ணில் இருந்தாள். "ஆமா அப்பத்தா, நானும் ரெட்டியார்சத்திரம்தான். கத்திரிக்கா போட்டிருக்கோம். நீங்க முதல்ல பீஸப் புடுங்குங்க, அப்புறம் சொந்தம் விசாரிக்கலாம்." அந்தக் கிழவி அவளை வாழ்த்துவது போனைத் தாண்டி இங்கே கேட்டது. ரொனால்டு காதைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை.

நான்காவது எண், ஒச்சப்பன்.

"யாரு?"

"ஐயா, ஸ்டார்ட்டர் குடுத்தாங்கள்ல, அவுங்க சார்பா திண்டுக்கல்லுல இருந்து பேசுறேன். அதுல ஒரு கோளாறு இருக்கு. ஒடனே பீஸ் கட்டையப் புடுங்கிருங்க."

"மோட்டாரு இப்ப ஓடலயே அப்பு. அடிக் குழாயில, ஃபுட்வால்வுல அடைப்பு. மகன் கெணத்துக்குள்ளதான நிக்கிறான்."

ரொனால்டு எழுந்து நின்றுவிட்டான். "யாருங்கய்யா?"

"பழனிக்குமாரு. எம் மகன். காலைல இருந்து உள்ளதான் கெடக்கான். முடிஞ்சதும் வாரோம், அப்புறம் புடுங்கிக்கிறலாம்."

"இல்லைங்கய்யா, இப்பவே. நான் லைன்லயே இருக்கேன். நீங்க போய்ப் புடுங்குங்க. போன வைக்காதீங்க. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன், ஓடுங்க."

"என்னலே இது, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா," என்று முனகியபடி அந்த ஆள் நடக்கத் தொடங்கினார். போன் அவர் கையிலேயே தொங்கிக்கொண்டு போனது போலிருந்தது. செருப்பு மண்ணில் தேய்கிற சத்தம். ஓர் ஆடு கத்தியது. தூரத்தில், ஆழத்திலிருந்து ஒரு வாலிபக் குரல் எதற்கோ அப்பாவைக் கூப்பிட்டது. அவர் பதில் சொல்லவில்லை. பிறகு செருப்புச் சத்தமும் இல்லை. தகரக் கதவு ஒன்று இழுபட்டது. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

ரொனால்டு போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் புவனேஸ்வரி, "ஒம்பது முடிஞ்சுது மேடம்," என்று சொல்வது கேட்டது. தன்னுடையது ஒன்றரை என்று மனம் எண்ணியது. அதை எண்ணியதற்காக அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது, ஆனாலும் எண்ணிவிட்டது. போனுக்குள் இன்னும் மௌனம். யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. தன் மூச்சாகவும் இருக்கலாம்.

"புடுங்கிட்டேன்," என்றார் ஒச்சப்பன்.

"ரெண்டு கட்டையுமா?"

"மூணு பேஸ் அப்பு. மூணையும்."

"கையில வச்சிருக்கீங்களா?"

"கையிலதான் வச்சிருக்கேன். என்ன கோளாறுன்னு சொல்லுலே."

ரொனால்டு நாற்காலியில் உட்கார்ந்தான். சொல்லத் தொடங்கினான்.